கேள்வி பதில்: கண் ஓடாத காலம்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே வருத்தத்தை வெவ்வேறு கையெழுத்தில் சொல்கின்றன. ஆகவே சினிமாக் கேள்விகளையும், சிவராத்திரி விரதம் பற்றிய இரண்டு கேள்விகளையும் அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டு, இந்த ஏழு கடிதங்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். சிலர் பெயர் வேண்டாம் என்று கேட்டிருப்பதால், எல்லாருக்குமே தொழிலும் ஊரும் மட்டும்.

ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர், விருத்தாசலம்

கேள்வி: உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் பேருந்து நிலையம் அருகே ஓர் இளைஞனை வெட்டிச் சாய்த்ததைக் கண்காணிப்புக் கேமராப் பதிவில் பார்த்த நாளிலிருந்து மனம் ஆறவில்லை. எங்கள் காலத்தில் ஊரில் ஒருவன் பசித்திருந்தால் இன்னொருவன் சாப்பிட மாட்டான். மனிதன் எப்போது ஐயா மிருகமானான்?

பதில்: லை, னை எழுத்துகளை நீங்கள் இன்னும் யானைத் துதிக்கை போட்டு எழுதுவதிலிருந்து, உங்களுக்கும் எனக்கும் வயது ஏறத்தாழ ஒன்றுதான் என்று தெரிகிறது. ஆகவே 1968-ஆம் ஆண்டு உங்களுக்கு நினைவிருக்கும். அவ்வாண்டு ஜனவரியில் சென்னையில் இரண்டாம் உலகத் தமிழ் மாநாடு நடந்தது. கடற்கரைச் சாலையில் வள்ளுவர், ஔவையார், கம்பர் என்று வரிசையாகச் சிலைகள் எழுந்தன. அதே ஆண்டு டிசம்பர் 25 இரவு, அன்றைய தஞ்சை மாவட்டத்துக் கீழவெண்மணியில், கூலியில் அரைப்படி நெல் கூட்டிக் கேட்ட விவசாயத் தொழிலாளர்களின் குடியிருப்புக்குள் ஆட்கள் புகுந்தபோது, உயிருக்குப் பயந்து ஒரு சிறு குடிசைக்குள் ஒடுங்கிய 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும், வெளியேற வழியின்றி எரித்துக் கொல்லப்பட்டார்கள். 1973-இல் உயர் நீதிமன்றம் மிராசுதாரர்களை விடுவித்தது. நிலபுலனும் காரும் உள்ளவர்கள் தாங்களே நடந்து வந்து தீ வைத்தார்கள் என்பதை நம்புவது கடினம் என்ற கருத்து அத்தீர்ப்பில் இருந்தது. பசித்தவனை விட்டுவிட்டுச் சாப்பிடாத ஊர் என்று எழுதியிருக்கிறீர்கள். பசித்தவன் எந்தத் தெருக்காரன் என்று பார்த்துத்தான் அந்த ஊரும் கையை இலையிலிருந்து எடுத்தது.

உங்கள் வருத்தத்தைக் குறைத்துப் பேச இதைச் சொல்லவில்லை. கருணை எப்போது போயிற்று என்று கேட்பதைவிட, அது எதுவரை போய் நின்றுவிடுகிறது என்று கேட்பது பயன் தரும் என்று நினைக்கிறேன். இதற்கு நம் மொழியிலேயே ஒரு தடயம் இருக்கிறது. 'கண்ணோட்டம்' என்ற சொல்லை இன்று கருத்து, பார்வை என்ற பொருளில் எழுதுகிறோம். 'என் கண்ணோட்டத்தில் இது தவறு' என்று தலையங்கம் எழுதுகிறார்கள். பழந்தமிழில் அதன் பொருள் இரக்கம். ஒருவரைக் கண்டதும் கண் அவர்பால் தானே ஓடுவதும், ஓடியபின் அவரை மறுக்க மனம் வராதிருப்பதும்தான் கண்ணோட்டம். பிறர்மேல் ஓடிய கண் எப்படியோ திரும்பி நம் அபிப்பிராயத்தின்மேல் வந்து உட்கார்ந்துவிட்டது. வள்ளுவர் துறவிக்கு 'அருளுடைமை' என்று ஓர் அதிகாரம் வைத்தவர், 'கண்ணோட்டம்' என்ற அதிகாரத்தைப் பொருட்பாலில், அரசனுக்குச் சொல்லும் பகுதியில், கொடுங்கோன்மைக்கும் வெருவந்த செய்யாமைக்கும் அடுத்து வைத்தார். இரக்கம் என்பது நல்ல மனம் படைத்த தனியாள் விவகாரம் என்று அவர் விட்டுவிடவில்லை. கையில் அதிகாரம் உள்ளவனிடம் கேட்டு வாங்க வேண்டிய ஒன்றாக அதைக் கருதினார் என்றே நான் படிக்கிறேன்.

'மிருகம்' என்ற சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெட்டியவனை மிருகம் என்று சொன்னவுடன், அவன் யாரோ, நாம் யாரோ என்று ஆகிவிடுகிறது. அவனுக்கு அரிவாள் வாங்கித் தந்தவர்கள், அவன் செய்ததை மானப் பிரச்சினை என்று டீக்கடையில் நியாயம் பேசியவர்கள் எல்லாரும் அந்தச் சொல்லின் மறைவில் தப்பித்துப் போய்விடுகிறார்கள்.

கல்லூரி மாணவி, கோயம்புத்தூர்

கேள்வி: ஒருவர் அடிபடும்போது தடுக்காமல் கைபேசியில் படம் எடுப்பவர்களைக் கண்டால் எனக்கு அடிப்பவனைவிட இவர்கள்மேல்தான் கோபம் வருகிறது. ஏன் இப்படி மரத்துப் போனோம்?

பதில்: உங்கள் ஊரிலிருந்து ஆனைக்கட்டி வழியாகப் போனால் அட்டப்பாடி. 2018 பிப்ரவரி 22 அன்று அங்கே, கடைகளில் அரிசியும் உணவுப் பொருளும் திருடினார் என்று சொல்லி, மனநலம் குன்றியிருந்த ஓர் ஆதிவாசி இளைஞரைக் காட்டுக்குள் போய்ப் பிடித்து, கைகளைக் கட்டி, அடித்து, ஊருக்குள் நடத்தி வந்தார்கள். காவல் துறை வண்டியில் மருத்துவமனைக்குப் போகும் வழியில் அவர் இறந்தார். கட்டுண்டு நிற்கும் அவரைப் பின்னால் வைத்துக்கொண்டு ஒருவர் எடுத்த செல்ஃபியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்தப் படத்தில் என்னை வாட்டுவது முன்னால் இருப்பவரின் முகம். அதில் வெறியோ ஆவேசமோ இல்லை. கல்யாண வீட்டில் மாப்பிள்ளையோடு படம் எடுத்துக்கொள்ளும் முகம் அது. தான் செய்வது தவறு என்ற எண்ணம் சிறிதேனும் இருந்தால் மனிதன் சாட்சியைத் தானே தயாரிக்க மாட்டான். ஊருக்கு நல்லது செய்கிறோம் என்று அவர்கள் நம்பியிருக்கிறார்கள். 2023 ஏப்ரலில் மண்ணார்க்காடு நீதிமன்றம் 14 பேரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது.

ஆனால் அடிப்பவர்களோடு சேர்ந்து படம் எடுப்பவரும், திகைத்துப்போய் ஓரமாக நிற்பவரும் ஒரே வகையினர் அல்லர். இரண்டாம் வகையினரைப் பற்றி 1968-இல் லத்தானே, டார்லி என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். ஓர் அறையில் ஆளை உட்காரவைத்து ஏதோ படிவத்தை நிரப்பச் சொல்லி, சுவர்த் துளை வழியாகப் புகையை விட்டார்கள். தனியாக இருந்தவர்களில் நான்கில் மூவர் எழுந்துபோய்ச் சொன்னார்கள். ஆனால், புகையைக் கண்டும் காணாததுபோல் இருக்கும்படி முன்பே சொல்லிவைக்கப்பட்ட இருவருடன் உட்கார்ந்தபோது, பத்தில் ஒருவர்தான் எழுந்தார். மற்றவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு, இருமிக்கொண்டு, எழுதிக்கொண்டே இருந்தார்கள். கல்நெஞ்சம் என்று இதைச் சொல்ல முடியாது. அடுத்தவன் முகத்தைப் பார்த்து, அவன் சும்மா இருப்பதால் ஆபத்தில்லை போலும் என்று ஒவ்வொருவரும் முடிவு செய்துகொள்வதன் விளைவு இது. 2016 ஜூன் 24 காலையில் நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் ஓர் இளம்பெண் வெட்டப்பட்டு, அவர் உடல் சுமார் இரண்டு மணி நேரம் நடைமேடையில் கிடந்தபோது, அங்கிருந்த அத்தனை பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டுதான் நின்றிருப்பார்கள்.

இதற்கு மறுபக்கமும் இருப்பதால் உங்கள் கோபத்தைக் கொஞ்சம் தணித்துக்கொள்ளலாம். இங்கிலாந்து, நெதர்லாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளின் மூன்று நகரங்களில் தெருச் சண்டைகளின் 219 கேமராப் பதிவுகளை ஆராய்ந்து 2019-இல் வெளியிட்டார்கள். பத்தில் ஒன்பது சம்பவங்களில் யாராவது ஒருவரேனும் குறுக்கே புகுந்து தடுக்க முயன்றிருந்தார். அப்படி ஒரு நேரத்தில் நீங்கள் நின்றால், கூட்டத்தைப் பொதுவாகப் பார்த்து 'யாராவது வாங்களேன்' என்று கத்தாதீர்கள். 'நீலச் சட்டை போட்ட அண்ணா, நீங்க 108-க்குப் போன் பண்ணுங்க' என்று ஒருவரைச் சுட்டிச் சொல்லுங்கள். அண்ணா என்று கூப்பிட்டபின் நம் ஊரில் நகராமல் நிற்பது கடினம்.

லாரி ஓட்டுநர், நாமக்கல்

கேள்வி: அடிபட்டவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தால் போலீஸ், கோர்ட் என்று அலையவிடுகிறார்கள். பிழைப்பை விட்டு எத்தனை நாள் அலைவது? உதவி செய்யாதவனைத் திட்டுகிறவர்கள் இதையும் எழுதுவார்களா?

பதில்: எழுதுகிறேன், அனுபவித்திருக்கிறேன். 2011-இல் செங்கல்பட்டு தாண்டி ஒரு மொபெட்காரர் விழுந்து கிடந்தார். அவரை ஷேர் ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு அருகிலிருந்த தனியார் மருத்துவமனைக்குப் போனேன். பெயர் வேண்டாம். ரத்தம் வடிகிற தலையை என் துண்டால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நான் நிற்க, கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண், 'நீங்க அவருக்கு என்ன உறவு? அட்வான்ஸ் யார் கட்டறாங்க?' என்று கேட்டார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அப்படிக் கேட்கச் சொல்லித்தான் அவருக்குச் சம்பளம். அதன்பின் காவல் நிலையத்திலும், மோதியது நான்தானோ என்ற சந்தேகத்துடனேயே என்னை உட்காரவைத்திருந்தார்கள். அந்த மனிதரின் டிபன் கேரியர் என் கையிலேயே தங்கிவிட்டது. மூன்றாம் நாள் அவர் மனைவியிடம் கொண்டுபோய்க் கொடுத்தபோது உள்ளே எலுமிச்சைச் சாதம் கெட்டுப் போயிருந்தது.

இப்போது சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது என்பதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 2016 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் உதவி செய்வோரைப் பாதுகாக்கும் நெறிமுறைகளுக்குக் கட்டாயத் தன்மை கொடுத்தது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134-ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. பெயர், முகவரி சொல்லும்படி உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. சாட்சி சொல்வது உங்கள் விருப்பம். சேர்த்தவரிடம் மருத்துவமனை பணம் கேட்கவும் கூடாது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், திட்டத்தில் சேர்ந்துள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசு ஏற்கிறது. இவற்றை நெடுஞ்சாலைப் பலகைகளில் எழுதி வைத்தால் எத்தனையோ லாரிகள் ஓரங்கட்டி நிற்கும். பயமும் இரக்கமும் ஒரே வண்டியில் ஏறினால் ஸ்டியரிங் பெரும்பாலும் பயத்தின் கையில்தான் இருக்கும்.

வணிகர், ஈரோடு

கேள்வி: இவர்களை எல்லாம் நடுத்தெருவில் சுட்டுத் தள்ளினால் நாடு திருந்தாதா?

பதில்: ஹைதராபாத்தில் 2019 டிசம்பர் 6 அன்று அதைச் செய்தார்கள். கால்நடை மருத்துவரான ஓர் இளம்பெண்ணைக் கொன்ற வழக்கில் பிடிபட்ட நால்வரும் காவலில் இருந்தபோதே சுட்டுக் கொல்லப்பட, மக்கள் காவலர்கள்மேல் பூத் தூவினார்கள். உச்ச நீதிமன்றம் நியமித்த சிர்புர்கர் ஆணையத்தின் அறிக்கை 2022-இல் வெளிவந்தது. கொல்லும் நோக்கத்துடனேயே சுட்டார்கள் என்றும், இறந்தவர்களில் மூவர் 18 வயது நிரம்பாதவர்கள் என்றும் அது சொன்னது. அந்தப் பெண்ணைக் கொன்றது யார் என்பதை இனி எந்த நீதிமன்றமும் விசாரித்து நிறுவப் போவதில்லை. அட்டப்பாடியில் ஊர்க்காரர்கள் செய்ததற்கும் இதற்கும் சீருடை ஒன்றுதான் வித்தியாசம்.

வங்கி ஊழியர், திருச்சி

கேள்வி: எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் என் பெரியப்பா தினமும் ஏதாவது ஒரு சமூகத்தார்மேல் வெறுப்பைக் கிளப்பும் செய்தி அனுப்புகிறார். நேரில் அவர் தங்கமான மனிதர். எதிர்த்துப் பேசினால் மரியாதைக் குறைவு என்கிறார்கள். பேசாமல் இருக்கவா?

பதில்: பேசாமல் இருக்க வேண்டாம். திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே அத்திமூரில் 2018 மே 9 அன்று நடந்ததை முதலில் சொல்கிறேன். சென்னையிலிருந்து குலதெய்வம் கோயிலுக்குக் காரில் வந்த ஒரு குடும்பம் வழி கேட்க நின்றது. காரில் இருந்த 65 வயது மூதாட்டி அங்கே விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பாட்டி என்றால் அதைத்தானே செய்வார். ஆனால் அதற்கு முந்தைய வாரங்களில் அந்த வட்டாரம் முழுவதும் கைபேசிகளில், பிள்ளை பிடிக்கும் வடநாட்டுக் கும்பல் வந்திருப்பதாகக் குரல் பதிவுகளும் படங்களும் சுற்றிக்கொண்டிருந்தன. சாக்லேட்டைக் கண்டதும் சந்தேகம் எழுந்து, ஊரே திரண்டு அடித்ததில் அந்த மூதாட்டி இறந்தார். உடன் வந்தவர்கள் குற்றுயிராகத் தப்பினார்கள்.

அந்த ஆண்டு இந்தியா முழுவதும் சுற்றிய பிள்ளை பிடிக்கும் படங்களில் ஒன்று கராச்சியில் எடுக்கப்பட்டது. மோட்டார் சைக்கிளில் வரும் இருவர் ஒரு சிறுவனைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். பிறகு திரும்பி வந்து அவனை இறக்கிவிட்டு, பிள்ளைகளைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்ற பொருளில் ஒரு பலகையைக் காட்டுகிறார்கள். குழந்தைப் பாதுகாப்புக்காக எடுத்த விழிப்புணர்வுப் படம். யாரோ அந்தக் கடைசி நொடிகளை வெட்டிவிட்டார். அதை மேலும் மேலும் அனுப்பியவர்களில் பலர் பேரன் பேத்திமேல் உயிரையே வைத்திருக்கும் பெரியப்பாக்களாகத்தான் இருந்திருப்பார்கள். வெறுப்பு எப்போதும் வெறுப்பு என்ற பெயரில் வீட்டுக்குள் வருவதில்லை. நம் பிள்ளைகள்மேல் நமக்குள்ள பாசத்தைப் பிடித்துக்கொண்டுதான் படியேறுகிறது.

ருவாண்டாவில் 1994-இல் சுமார் 100 நாட்களில் ஏறத்தாழ 8 லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலும் துத்சி இனத்தவர். கொன்றவர்களில் பலர் அடுத்த வீட்டுக்காரர்கள், ஆயுதம் கத்தியும் தடியும். ஆனால் அதற்கு முந்தைய ஆண்டே ஆர்.டி.எல்.எம். என்ற வானொலி, நல்ல பாட்டும் நகைச்சுவையும் போட்டு, இடையிடையே துத்சிகளைக் கரப்பான்பூச்சிகள் என்று சொல்லிக்கொண்டிருந்தது. கரப்பான்பூச்சியைக் கொல்லும்போது யாருக்கும் கை நடுங்குவதில்லை அல்லவா? ஐ.நா. தீர்ப்பாயம் 2003-இல் அந்த வானொலியை நிறுவியவர்களில் இருவரையும் ஒரு பத்திரிகையாசிரியரையும் குற்றவாளிகள் என்று தீர்மானித்தது. விருத்தாசலத்து ஐயாவிடம் 'மிருகம்' என்ற சொல்லைப் பற்றி நான் சலித்துக்கொண்டதற்கு இதுதான் காரணம்.

பெரியப்பாவைக் குழுவில் எல்லார் முன்னாலும் திருத்தாதீர்கள். தோற்றுப்போனதாக நினைப்பார், மறுநாள் இரண்டு செய்தி அனுப்புவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போங்கள். பெரியம்மா கொடுக்கும் காபியைக் குடித்துவிட்டு, 'இது எந்த ஊர்ல நடந்தது பெரியப்பா? உங்களுக்கு யார் அனுப்பினாங்க?' என்று மட்டும் கேளுங்கள். பதில் சொல்ல அவருக்கு நேரம் கொடுங்கள். பெரும்பாலும் 'நம்ம கோபாலு அனுப்பினான்' என்பதைத் தாண்டி ஒன்றும் வராது. அந்த மௌனத்தில் வேறு எதையும் சேர்க்காமல் எழுந்து வந்துவிடுங்கள். ஐந்தாறு ஞாயிறு ஆகலாம்.

ஆசிரியை, தென்காசி மாவட்டம்

கேள்வி: என் வகுப்பில் பையன்கள் சாதிக்கொரு நிறத்தில் கையில் கயிறு கட்டி வருகிறார்கள். கழற்றச் சொன்னால் மாலையில் பெற்றோர் வந்து நிற்கிறார்கள். தலைமையாசிரியர், 'நமக்கெதுக்கு வம்பு' என்கிறார். நான் என்ன செய்ய முடியும்?

பதில்: உங்கள் பகுதிக்கு அருகே நாங்குநேரியில் 2023 ஆகஸ்ட் 9 அன்று நடந்ததை நீங்கள் மறந்திருக்க முடியாது. சக மாணவர்கள் தன்னைத் துன்புறுத்துவதைப் பள்ளியில் சொன்ன பிளஸ் டூ மாணவர் ஒருவரை, அன்றிரவே அந்த மாணவர்கள் வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. வெட்டியவர்கள் பகலில் அவரோடு அதே பள்ளியில் இருந்தவர்கள். பிழைத்தெழுந்த அந்த மாணவர் மறு ஆண்டு பொதுத் தேர்வில் நல்ல மதிப்பெண்ணோடு தேறினார் என்பது ஆறுதல். ஆனால் நம் பத்திரிகைகள் அந்த மதிப்பெண்ணைக் கொண்டாடிய அளவுக்கு, அரிவாளை எடுத்த பிள்ளைகளின் கையில் அதை யார் கொடுத்தார்கள் என்று தேடவில்லை. எங்கள் பத்திரிகையையும் சேர்த்தே சொல்கிறேன்.

அதன்பின் அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. வண்ணக் கயிறுகளைத் தடை செய்வது, பள்ளிப் பெயர்களில் உள்ள சாதி அடையாளங்களை நீக்குவது, வகுப்பில் அகர வரிசைப்படி உட்காரவைப்பது, ஆசிரியர்களைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை இடம் மாற்றுவது, ஓரிடத்தில் ஆதிக்கமாக உள்ள சாதியைச் சேர்ந்தவரை அங்கே தலைமையாசிரியராக நியமிக்காமல் இருப்பது போன்றவை அதன் பரிந்துரைகள். கயிற்றைப் பற்றி 2019-இலேயே ஒரு சுற்றறிக்கை வந்து, எதிர்ப்பு எழுந்ததும் அன்றைய அமைச்சர் அதைப் பின்வாங்கியது உங்களுக்கும் தெரிந்திருக்கும். 'நமக்கெதுக்கு வம்பு' என்பது உங்கள் தலைமையாசிரியர் புதிதாகக் கண்டுபிடித்த கொள்கை அன்று.

கயிற்றைக் கழற்றுவதைவிட, அதைக் கட்டிவிட்டவர் யார் என்று அறிவது முக்கியம் என்பது என் எண்ணம். எந்த நிறம் எந்தச் சாதி என்பது பெரியவர்களைவிட ஏழாம் வகுப்புப் பையனுக்குத் துல்லியமாகத் தெரிந்திருக்கிறது என்றால், யாரோ மெனக்கெட்டுச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். ஊர்த் திருவிழாவுக்கு வேனில் ஏற்றிப்போய், பிரியாணி வாங்கித் தந்து, 'டேய் தம்பி' என்று தோளில் கை போடும் ஒரு அண்ணன் இருப்பார். வீட்டிலும் பள்ளியிலும் அவன் பெயரைச் சொல்லி அன்பாகக் கூப்பிட ஆளில்லாதபோது அந்த அண்ணன்தான் அவனுக்கு உலகம். நீங்கள் அவரோடு போட்டி போட வேண்டியிருக்கிறது. ஆண்டு முழுதும் ஒரே ஜோடியாக உட்காராதபடி வாரம் ஒருமுறை இடம் மாற்றுங்கள். அறிவியல் கண்காட்சிக்கும் கபடிக்கும் குழுவை அவர்கள் பிரித்துக்கொள்ள விடாமல் நீங்களே சீட்டுக் குலுக்கிப் பிரியுங்கள். பட்டப்பெயரில் சாதி ஒளிந்திருந்தால் அதை ஒருமுறைகூடச் சிரித்துக் கடக்காதீர்கள். நீங்கள் சிரித்ததை அடிபடும் பையன் கவனித்திருப்பான். யாராவது வந்து புகார் சொன்னால் எல்லார் முன்னிலையிலும் விசாரிக்காதீர்கள், அன்று மாலை அவன் எப்படி வீட்டுக்குப் போகிறான் என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். நாங்குநேரிக்குப் பிறகு இதை அலட்சியம் செய்ய எந்த ஆசிரியருக்கும் உரிமையில்லை. கயிற்றைப் பற்றிப் பெற்றோர் மறுபடி வந்து நின்றால், தனியாகப் பேசாமல் உடன் பணிபுரிபவர் இருவரையாவது பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசுங்கள். தைரியத்தையும் இரண்டு மூன்று பேர் சேர்ந்து சுமந்தால் கனம் தெரியாது.

இல்லத்தரசி, கும்பகோணம்

கேள்வி: என் ஆறு வயது மகன் எறும்புகளை வரிசையாக மிதித்துக் கொல்கிறான். மற்றபடி சாதுவான பிள்ளை. நாளை கொடூரமானவனாக வருவானோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: பயப்படாதீர்கள் அம்மா. ஆறு வயதில் எறும்பு என்பது ஓடும் புள்ளி. மிதித்தால் என்ன ஆகிறது என்று பார்க்கிறான். நாய், பூனையைத் துன்புறுத்தினாலோ, வலிப்பது தெரிந்தும் சிரித்தாலோ மருத்துவரிடம் கேட்கலாம். இப்போதைக்கு அடிக்க வேண்டாம், பாவம் புண்ணியம் என்று மிரட்டவும் வேண்டாம். உங்கள் வாசலில் போடுவது கடையில் விற்கும் கல்மாவாக இருக்கும். எறும்பு அதைச் சீந்தாது. ஒருநாள் பச்சரிசி மாவை அவன் கையிலேயே கொடுத்து ஒரு சின்னக் கோலம் போடச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளுங்கள். அரை மணி நேரத்தில் ஓர் எறும்பு வரும், மோப்பம் பிடித்துத் திரும்பிப் போகும், கூட்டத்தோடு மறுபடி வரும். தன்னைவிடப் பெரிய துணுக்கைத் தூக்க முடியாமல் ஒன்று தடுமாறும்போது அவன் என்ன செய்கிறான் என்று பாருங்கள். அப்புறம் எனக்கு எழுதுங்கள். மறுபடி மிதித்துவிட்டாலும் எழுதுங்கள்.